முந்திக்கொண்ட பாங்கு

அத்தியாயம் 11

கம்போங் பாசிர் நிபாவில் நேற்று மாலை நடந்த சங்கதியை இந்நேரம் கிளந்தான் ஆற்று மீன்கள்கூட அறிந்திருக்கும்.

ஊரே ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நோன்பு திறக்கக் காத்திருந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லும் மோதினார் வான் டெராமானின் குரல் எழுந்தது. ஊர் கடித்தது. ஊர் மென்றது. ரோஸ் சிராப்பை மடமடவென்று குடித்தது. சோற்றுத் தட்டை இழுத்து முன்னால் வைக்கிற நேரம் பார்த்து, வானொலியில் இன்னொரு பாங்கு கேட்டது.

அதுதான் உண்மையான அந்தி நேர மஃரிபு பாங்கு.

மோதினார் முந்திவிட்டார். எத்தனை நிமிஷம்? பள்ளிவாசலுக்குள் இருந்தவர்கள் ஐந்து என்றார்கள். செய்தி கடைத்தெருவை எட்டுவதற்குள் அது பத்தாக வளர்ந்தது. இன்று காலை படகுத்துறையில் ஒருவர், "சூரியன் தென்னமர உசரத்துல நின்னு நம்மளப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்துச்சு" என்று அடித்துச் சொன்னார். ஐந்தோ ஐம்பதோ, பலன் ஒன்றுதான். ஊர் மொத்தத்துக்கும் ஒரு நோன்பு போயிற்று. பெருநாள் கழிந்த பிறகு எல்லோரும் அதற்கு ஈடாக ஒரு நாள் களா நோற்றாக வேண்டும். பூனைகளுக்கு மட்டும் விலக்கு.

வான் டெராமான் சாதாரண மோதினாரா! தூக்கத்தில் எழுப்பி, மோதினாரை இங்கே அழைக்கிற மரியாதையோடு "தோக் பிலால், மணி என்ன?" என்று கேட்டாலும் கண்ணைத் திறக்காமல் நிமிஷ சுத்தமாகச் சொல்லக்கூடியவர். ஊரில் கைக்கடிகாரம் விற்க வந்த வியாபாரி ஒருவன் அவரைப் பார்த்துவிட்டுக் கடையைக் கட்டிக்கொண்டு போனதாகக்கூட ஒரு கதை உண்டு. அப்பேர்ப்பட்டவர் நேற்று இரவிலிருந்து பாங்குக்குத் தவிர வாயைத் திறக்கவில்லை.

அதுதான் டாக்டர் ஸுரைனியை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஸுரைனி அவர் மருமகள். கணவன் ஹஃபிஸி நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் இருக்கிறான். பெருநாளுக்குத்தான் கரை இறங்குவான். அதுவரைக்கும் மாமனார், மாமியார், அரசு கிளினிக்குக்கு வருகிற சர்க்கரை நோயாளிகள் எல்லோரையும் கட்டி மேய்ப்பது இவள் தலையில். அது லேசான காரியமா? மீன் குழம்பிலும் ஒரு கை சர்க்கரை போடுகிற சீமை இது. இங்கே அழுதால் கண்ணீர்கூடக் கொஞ்சம் தித்திக்கும்.

நோன்பு பிறப்பதற்கு முன்பே இமாமைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவள் ஒரு வகுப்பு நடத்தியிருந்தாள். யார் நோற்கலாம், யார் நோற்கக் கூடாது, மாத்திரையை எப்படி மாற்ற வேண்டும், விரலைக் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது என்று எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைத்தாள். கல்யாண வீட்டுக்குப் போன நாலு பேரைத் தவிர சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். தானும் சர்க்கரைக்காரரான மாமனார் வரவில்லை.

"வீட்டுலயே டாக்டர வச்சுக்கிட்டு நான் எதுக்கு அங்க ஒரு நாற்காலிய அடைக்கணும்?" என்றார்.

சரியென்று வீட்டில் உட்காரவைத்துப் பேச்செடுத்தால், "அதான் வகுப்புல எல்லாத்தையும் சொல்லிட்டியேம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

இன்று கிளினிக்கில் காலையிலிருந்தே ஒரே கொண்டாட்டம்.

"டாக்டர், உங்க மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரையோட சேத்து கடிகாரத்துக்கும் ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க."

"எனக்குப் போன வருஷத்து களாவே பாக்கி கிடக்கு. இதையும் டாக்டர் வீடே நோத்துக் குடுத்துடணும், ஆமா."

ஸுரைனி சிரித்துச் சமாளித்தாள். நோன்பு மாதம் என்பதால் கிளினிக் சீக்கிரம் மூடும். கதவைச் சாத்தப்போகிற நேரத்தில் கடைசி ஆளாக உள்ளே வந்தாள் மெக் ஸா. மீன் அப்பளம் பொரித்து விற்பவள். வாயைத் திறந்தால் எதிர்க்கடைக்காரி இரண்டு தெரு தள்ளிக் கடையை மாற்றுவாள். இன்று அந்த வாய் குழறியது. ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் அவள் முக்காடு வேர்வையில் நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

"என்ன டாக்டர், ஒரு சுவத்துல எதுக்கு ரெண்டு கடிகாரம்?" என்றாள் மெக் ஸா.

சுவரில் ஒரு கடிகாரம்தான் இருந்தது.

ஸுரைனி அவள் விரலைப் பிடித்துக் குத்தினாள். இந்த நாட்டுக் கணக்கில் சர்க்கரை நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. கருவி மூன்றுக்கும் கீழே காட்டியது.

"நோன்பத் திறங்க. இப்பவே."

"ஐயோ! ஊருக்கெல்லாம் ஒரு களா, எனக்கு மட்டும் ரெண்டா?"

"ரெண்டு களாவோட உயிரோட இருங்க. இந்தாங்க, குடிங்க."

மெக் ஸா சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது. நாக்கும் திரும்பியது. சுவரைப் பார்த்து, "ஒண்ணு போயிடுச்சு" என்றாள்.

"மாத்திரை எப்பப் போட்டீங்க?"

"ஸஹருக்குத்தான், விடியறதுக்கு முன்னாடி சாப்பிடும்போது. காலைக்கு ரெண்டு, ராத்திரிக்கு ரெண்டு, எல்லாத்தையும் சேத்து ஒரே வாயில போட்டுட்டேன்."

ஸுரைனிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படிப் போடச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரு சொல்லுவா? உங்க மாமனார்தான். முந்தாநாள் ராத்திரி தராவீஹ் தொழுகை முடிஞ்சு வாசப்படியில உக்காந்திருந்தோம். 'தூரப் பயணம் போறவன் டேங்க நிரப்பிக்கிட்டுத்தானே கிளம்புவான்? ரெண்டு வேளை மாத்திரையயும் ஸஹர்லயே போட்டுட்டா நாள் பூரா வண்டி ஓடும். நான் அப்படித்தான் செய்யறேன்'னாரு. வகுப்புல சொன்னது யாருக்கு ஞாபகம் இருக்கு? டாக்டரோட மாமனாரே சொல்லும்போது தப்பா இருக்குமா?"

ஸுரைனி அந்தச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு கடிகாரம். நேற்றைய பாங்கு ஏன் முந்தியது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

மெக் ஸாவை நர்ஸ் பொறுப்பில் விட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.

*

வீட்டுப் பின்கட்டில் மாமியார் மெக் யாம் ஆக்கோக் சுட்டுக்கொண்டிருந்தாள். மாலைச் சந்தைக்குப் போக வேண்டிய சரக்கு. வாத்து முட்டை, தேங்காய்ப்பால், பனைவெல்லம் மூன்றையும் அடித்துக் கலந்து பித்தளை அச்சில் ஊற்றி, மேலேயும் கீழேயும் தேங்காய் மட்டை நெருப்புப் போட்டு வேகவைப்பாள். அந்த மணத்துக்கு எல்லைக்கு அந்தப்புறத்துத் தாய்லாந்துத் தேனீக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் வந்து போகும். முழங்கைவரை பனைவெல்லப் பாகு.

பக்கத்தில் வான் டெராமான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நெருப்புக்கு மட்டை கிழித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஸூ, வந்துட்டியா? நல்லதாப்போச்சு," என்றார். நேற்றிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தைகள். "மைக்க சாலே கிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன். எனக்கு வயசாயிடுச்சு. கண்ணு மங்கிடுச்சு. இன்னைக்கு மஃரிபுலேருந்து அவனே சொல்லட்டும்."

ஊர் 'போக் சூ லே' என்று கூப்பிடும் சாலேயின் பெயரைக் கேட்டதும் மெக் யாம் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். "என்னது? போக் சூ லேவா? அந்த ஆளு தொண்டையச் செருமினாலே நம்ம வீட்டு வாத்து முட்டை வைக்க மாட்டேங்குது."

"சும்மா இரு."

ஸுரைனி ஒரு பலகையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "அப்பா, ஸஹருக்கு எத்தன மாத்திரை போட்டீங்க?"

"போடறதத்தான் போட்டேன்."

"எத்தன?"

"அதையெல்லாம் எண்ணிக்கிட்டா இருப்பாங்க?"

"நாலு," என்றாள் மெக் யாம். "நான்தானே தண்ணி எடுத்துக் குடுத்தேன். கோழி சோளத்த முழுங்கற மாதிரி முழுங்கினாரு. நேத்தும் அப்படித்தான்."

வான் டெராமான் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் இன்னொரு ஈடு ஆக்கோக் வெந்திருக்கும்.

"நேத்து மைக் முன்னாடி நிக்கும்போது கை நடுங்குச்சாப்பா?"

"குளிரா இருந்துச்சு."

"வேர்த்துச்சா?"

"வெயில்."

"ஏங்க அபாங், ஒரே பள்ளிவாசல்ல குளிரும் வெயிலுமா?" என்றாள் மெக் யாம்.

"கடிகாரம் எத்தனப்பா தெரிஞ்சுது?"

மட்டை கிழிக்கிற சத்தம் நின்றது. நெருப்பு மட்டும் படபடத்தது. வான் டெராமான் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு தெரிஞ்சுது. அதுல ஒண்ணுல மஃரிபு ஆயிருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை.

"ஏம்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன சொல்லுவ? நோன்பு வைக்காதீங்கம்பே. ஊரே பசியோட காத்துக்கிட்டு இருக்கும்போது, வயிறு நெறையத் தின்னுட்டு வந்த ஒருத்தன் மைக்கப் புடிச்சு, 'எல்லாரும் நோன்பத் திறங்க'ன்னு கூப்பிடறதா? அதுக்குக் கிழவனுக்குக் கண்ணு போச்சுன்னே ஊர் சொல்லிட்டுப் போகட்டும். குருடுன்னா பரவாயில்ல ஸூ. நோன்பில்லாத மோதினார்னு சொல்லிடக் கூடாது."

ஸுரைனிக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த மனிதர் உயிருக்குப் பயந்து ஒளிக்கவில்லை. டாக்டருக்குப் பயந்து ஒளித்திருக்கிறார். அதற்காகத் தன் குரலையே விட்டுக்கொடுக்கவும் தயாராக இருக்கிறார்.

"நான் எப்பப்பா உங்கள வைக்கவே கூடாதுன்னேன்? மாத்திரைய மாத்தியிருந்தா போதும். பெரிய பங்கு நோன்பு திறக்கும்போது, ஸஹருக்குக் கொஞ்சம், இல்லன்னா வேற மாத்திரை. அதுக்குத்தானே வகுப்பே. நீங்க ரெண்டு வேளை மருந்தயும் பகல் பூரா காயப்போற வயித்துக்குள்ள ஒரேயடியா அவுத்து விட்டுட்டீங்க. அது உள்ள இருக்கற சர்க்கரையத் தின்னுட்டு, அந்தி சாயும்போது தின்ன எதுவும் இல்லாம உங்க மூளையத் திங்குது. டேங்க் நிரப்பறது இல்லப்பா இது. ஓட்ட போடறது."

டேங்க் என்றதும் அவர் நிமிர்ந்தார்.

"இன்னைக்கு மெக் ஸா கிளினிக்ல கிட்டத்தட்ட விழுந்துட்டா," என்றாள் ஸுரைனி. "அவளுக்கும் சுவத்துல ரெண்டு கடிகாரம்."

"மெக் ஸாவா? எப்படி இருக்கா இப்போ?" அவர் முகம் சாம்பல் பூத்தது.

"தேறிட்டா. நான் கேக்கறது வேற. இன்னும் யாருக்கெல்லாம் இதச் சொன்னீங்க?"

"ஒரு மூணு நாலு பேருக்கு."

பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து பேசுகிற மோதினாருக்கு மூன்று நாலு பேர் என்றால், அது அரை ஊர். அவருக்கே அது தெரியும். யார் யார் கேட்டார்கள், கேட்டவர்கள் யாரிடம் போய்ச் சொன்னார்கள் என்று அவருக்கே தெரியாது. உதடு அசைந்து அசைந்து பெயர்களைத் தேடியது.

ஸுரைனி குரலை உயர்த்தவில்லை. "எல்லாரும் அந்திக்குள்ள இந்த நிலைமைக்குத்தான் வருவாங்க. வீடு வீடா ஓட நேரமில்லப்பா. ஊர் முழுக்க ஒரே சமயத்துல கேக்கற மாதிரி சொல்லறதுக்கு இந்த ஊருல ஒரே ஒரு மைக்தான் இருக்கு."

அவர் எழுந்தார். எழும்போதே லேசாகத் தள்ளாடினார்.

"மொதல்ல விரலக் குடுங்க," என்றாள் ஸுரைனி.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அஸர் பாங்குக்கு நேரமாச்சு."

"வெக்கமா இல்ல?" என்று மெக் யாம் குறுக்கே வந்தாள். "மகன் சுன்னத்துக்கு அழுததவிட அதிகமா அழறீங்களே இந்த ஊசிக்கு! ஸூ, என் விரலக் குத்து. பாத்துக்கிட்டு நிக்கட்டும் ஆம்பள."

வெல்லப் பாகு காய்ந்துபோன விரலை கைலி ஓரத்தில் ஒரு துடை துடைத்துவிட்டு நீட்டினாள். ஸுரைனி குத்தினாள். கருவி எண்ணிக்கொண்டே போய் ஓர் எண்ணைக் காட்டியது. பதினைந்தரை, இருக்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு.

ஸுரைனி கருவியைச் சட்டென்று திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன காட்டுது?" என்றாள் மெக் யாம்.

"மெஷின் இன்னும் சூடாகலம்மா."

மெக் யாம் மருமகளின் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு ஆக்கோக் அச்சைத் திருப்பப் போய்விட்டாள்.

வான் டெராமானுக்கு வேறு வழியில்லை. விரலை நீட்டினார். ஐந்துக்குச் சற்றுக் கீழே.

"என்னக் கேட்டா, இப்பவே திறந்துடுங்க."

"எண்ணு என்ன சொல்லுது?"

"எண்ணு, இப்போதைக்குப் பொறுக்கலாம்ங்குது. ஆனா இறங்கிக்கிட்டே இருக்கு. நடக்கக் கூடாது, கார்லதான் வரணும். நான் மணிக்கொரு தரம் குத்துவேன். நாலுக்குக் கீழ போனா அந்த நிமிஷமே குடிக்கணும். வாக்குக் குடுங்க. எனக்கு இல்ல, அந்த மைக்குக்கு."

அவர் தலையசைத்தார்.

*

பிற்பகல் அஸர் பாங்கு ஒலித்தபோது, ஊரில் ஒருவர் விடாமல் கைபேசியை எடுத்து மணி பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது. பாங்கு முடிந்தும் ஒலிபெருக்கி அணையவில்லை. தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"வான் டெராமான் பேசறேன். நேத்து முந்துனது கடிகாரம் இல்ல. என் கண்ணும் இல்ல. என் உடம்புல சர்க்கரை இறங்கிப்போச்சு. ரெண்டு வேளை மாத்திரைய ஒண்ணா முழுங்கினேன். உங்கள்ல சில பேருக்கும் அப்படிச் செய்யச் சொன்னேன். அது தப்பு. ஸஹருக்கு அப்படிப் போட்டவங்க எல்லாரும் பள்ளிவாசல் கூடத்துக்கு வாங்க, டாக்டர் இருக்கா. நடந்து வராதீங்க, யாராவது வண்டியில கொண்டாந்து விடுங்க. கை நடுங்குனாலோ கண்ணு இருட்டுனாலோ அங்கேயே எதையாவது இனிப்பாக் குடிச்சுடுங்க. நோன்பு போகுதேன்னு பாக்காதீங்க."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "போக் சூ லே, நீ சிரிக்கறது மைக்ல கேக்குது" என்றார்.

மூன்று நாலு பேர் வந்தார்கள். அதாவது, நாற்காலி போதாமல் பாய் விரித்தார்கள். பாய் போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். மோட்டார் சைக்கிளில், காரில், ஒருவர் காய்கறி வண்டியில் பூசணிக்காய்களுக்கு நடுவே. ஸுரைனியும் ஓடி வந்த நர்ஸும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். இரண்டு பேருக்கு அங்கேயே நோன்பைத் திறக்க வேண்டியதாயிற்று. அதில் ஒருவர் அடம் பிடித்தார்.

இமாம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நோன்பு வேணாம்னு டாக்டர் சொன்னா குடிச்சுடுங்க. அதுவும் மார்க்கம் சொன்னதுதான். நான் சொல்லலன்னா டாக்டர நம்ப மாட்டீங்க, டாக்டர் சொல்லலன்னா என்னையும் நம்பாதீங்க."

போக் சூ லே ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். மைக்குக்காக அவர் காத்திருந்த காலத்தில் ஒரு தென்னங்கன்று மரமாகிக் காய்த்திருக்கும். இன்று கையில் ஒரு சிறிய வானொலிப்பெட்டியோடு வந்திருந்தார். ஊர் நிர்வாகம் அவரிடம்தான் சொல்லியிருந்தது: இன்று மஃரிபுக்கு நீ பக்கத்தில் நில், அவருக்கு முடியவில்லை என்றால் நீ சொல்.

*

அந்தி இறங்கியது. தட்டுகளில் பேரீச்சம்பழம் வந்தது, பெரிய அண்டாவில் கஞ்சி வந்தது. சந்தையில் கடையைக் கட்டிவிட்டு மிச்ச ஆக்கோக்கோடு மெக் யாமும் வந்து சேர்ந்தாள். பெண்கள் பகுதியின் திரைக்கு இந்தப் பக்கம் ஸுரைனி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம், மைக்குக்கு அருகே, மாமனார்.

மஃரிபுக்குக் கால் மணி நேரம் இருந்தது.

"அப்பா," என்று மெல்லக் கூப்பிட்டாள்.

திரைக்கு அடியில் ஒரு விரல் வந்தது. குளிர்ந்து, ஈரமாக இருந்தது. குத்தினாள். கருவி எண்ணியது.

மூன்றரை.

அவள் ஒரு தம்ளர் ரோஸ் சிராப்பைத் திரைக்கு அடியில் நகர்த்தினாள்.

தம்ளர் அங்கேயே நின்றது.

"கால் மணி நேரம்தானே ஸூ," என்று கிசுகிசுத்தார். "பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துடறேன். விடியறதுக்கு முன்னாடியிலேருந்து தாங்கியாச்சு. இது எந்த மூலைக்கு?"

"நேத்தும் இதத்தான் நெனச்சிருப்பீங்க."

ஸுரைனி தம்ளரை இன்னும் ஓர் அங்குலம் தள்ளினாள்.

"இது ரத்தத்துல ஏறவும் அதே கால் மணி நேரம் ஆகும்பா. இப்பக் குடிச்சா, பாங்கு சொல்ற நேரத்துக்கு மைக் முன்னாடி நீங்க நிப்பீங்க. குடிக்கலன்னா, அங்க யார் நிப்பான்னு எனக்குத் தெரியாது."

திரைக்கு அப்பால் பள்ளிவாசல் நிறைந்திருந்தது. எல்லோர் கையிலும் ஒரு பழம். எல்லோர் கண்ணும் அவர் மேல். நேற்று நோன்பைப் பறிகொடுத்தவர்கள், இன்று இன்னொன்றையும் அவரை நம்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒளிந்து குடிக்க அங்கே ஒரு தூண்கூட இல்லை.

திரை லேசாக அசைந்தது. தம்ளர் போயிற்று.

வான் டெராமான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு முழு வரிசைக்கும் முகம் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். பிஸ்மி சொன்னார். மூன்றே மடக்கு. பள்ளிவாசலில் ஊசி விழவில்லை. விழுந்திருந்தால் தாய்லாந்துவரை கேட்டிருக்கும்.

முதலில் பேசியது போக் சூ லேதான்.

"நேத்து உங்களால ஊருக்கு ஒரு களா. இன்னைக்கு ஊருக்காக உங்களுக்கு ஒரு களா," என்றார். "நேர் ஆயிடுச்சு, தோக் பிலால்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு வரிசை முழுவதும் சிரிப்பு ஓடியது. வான் டெராமான் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவரும் சிரித்தார் என்பது ஆண்கள் பக்கத்துச் செய்தி. ஸுரைனிக்குத் திரையில் தெரிந்த நிழல் மட்டும்தான். நிழலை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் விரல் மறுபடி திரைக்கு அடியில் வந்தது. இந்தத் தடவை கூப்பிடாமலே வந்தது. சூடாக இருந்தது. ஐந்து.

"அங்க எத்தன கடிகாரம்பா?"

"ஒண்ணு," என்றார். "சாலேயோட மூஞ்சியும் ஒண்ணுதான். அதுக்கு அல்லாவுக்கு நன்றி."

நேரம் வந்தது. வான் டெராமான் மைக்கைப் பிடித்தார். குரல் எழுந்தது. நடுக்கமில்லாமல், அவசரமில்லாமல், தென்னந்தோப்புக்கு மேலே, ஆற்றுக்கு மேலே போயிற்று.

ஊரில் ஒருவர்கூடக் கடிக்கவில்லை.

கம்போங் பாசிர் நிபா முழுவதும் பழத்தை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்திருந்தது. போக் சூ லே வானொலியைக் காதோடு வைத்து அழுத்தினார். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. வானொலியில் அதே பாங்கு, அதே வரியில் சேர்ந்துகொண்டது. போக் சூ லே கையை உயர்த்தினார். ஊர் கடித்தது.

திரைக்கு இந்தப் பக்கம் பெண்களும் கடித்தார்கள், சிரித்தார்கள், கஞ்சிக் கிண்ணங்களை இழுத்தார்கள். ஸுரைனி ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு திரும்பினாள். பக்கத்தில் மாமியாரைக் காணோம்.

தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள் மெக் யாம். சோப்புப் போட்டு, முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் ஒரு பொட்டு வெல்லம் மிச்சம் வைக்காமல் கழுவினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் தட்டிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தொடாமல் ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவுக்கு அத்தன தரம் சூடாச்சே மெஷின்," என்றாள். "எனக்கு மட்டும்தான் ஆறிப்போகுமா?"

"மத்தியானம் உங்க கையில வெல்லம் இருந்துச்சும்மா. அதனாலயும் அப்படிக் காட்டும்."

"இப்ப இல்ல."

"மொதல்ல நோன்பத் திறங்கம்மா."

"பாத்துட்டுத் திறக்கறேன்," என்று மெக் யாம் விரலை நீட்டினாள்.

ஸுரைனி குத்தினாள். கருவி முடிவு காட்டுமுன் ஐந்து, நான்கு, மூன்று என்று நொடிகளை எண்ணத் தொடங்கியது. வெளியே ஊர் மொத்தமும் வாய் நிறையச் சாப்பிடுகிற சத்தம். அந்தக் கிராமத்தில் இன்னும் நோன்பு திறக்காமல் இருந்தது ஒரே ஒருத்திதான். அவள் தட்டு ஓரத்தில், அவள் கையாலேயே சுட்ட ஆக்கோக் ஒன்று பளபளவென்று காத்திருந்தது.